டயரை மாற்றிப் போட்டோம், காருக்குச் சொன்னோமா?

எங்கள் புளோக்கின் மூன்றாம் மாடி அண்ணன் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கார் நிறுத்துமிடத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார். அவருடைய மின்சாரக் காரின் திரையில் மஞ்சள் விளக்கு எரிந்தது. முன் இடது டயரில் காற்றழுத்தம் 42 பிஎஸ்ஐ இருக்க வேண்டிய இடத்தில் 33 என்று காட்டியது.

“நேத்து ராத்திரியே பெட்ரோல் நிலையத்துக்குப் போயி காத்து அடிச்சேன் தம்பி. 42 வச்சா மெஷின் உடனே பீப் அடிச்சு நின்னுடுது. சரின்னு 45 வச்சு அடிச்சேன். இன்னும் 33ன்னே காட்டுது. சென்சார் ஸ்பாயில் ஆயிடுச்சு.” டயருக்குள் இருந்து காற்றழுத்தத்தை அளந்து காருக்குச் சொல்லும் கருவிதான் சென்சார். புதிய சென்சாருக்கு விலைகூட விசாரித்து வைத்திருந்தார்.

நான் திரையை இன்னொரு தடவை பார்த்தேன். வலப்பக்க டயர்கள் இரண்டும் 42. பின் இடது டயர் 45.

“பின் டயருக்கும் காத்து அடிச்சீங்களாண்ணே?”

“இல்லையே. முன் டயருக்கு மட்டும்தான்.”

வீட்டுக்குப் போய் என் கையடக்கக் கேஜை எடுத்துவந்தேன். காற்றழுத்தம் பார்க்கும் சிறிய கருவி அது. முன் இடது டயரில் வைத்தால் 45. பின் இடது டயரில் வைத்தால் 33. குனிந்து கைபேசி வெளிச்சத்தில் பார்த்தபோது, பின் டயரின் நடுப் பள்ளத்தை ஒட்டி ஒரு திருகாணியின் தலை தேய்ந்து பளபளவென்று தெரிந்தது. எச்சில் தொட்டு வைத்தேன், சின்னக் குமிழ் வந்தது.

சென்சார் நன்றாகத்தான் வேலை செய்திருக்கிறது. இரண்டு வாரத்துக்கு முன் ஒரு வொர்க்‌ஷாப்பில் முன் டயர்களைப் பின்னாலும், பின் டயர்களை முன்னாலும் மாற்றிப் போட்டிருக்கிறார்கள். இதற்கு ரொட்டேஷன் என்று பெயர். அந்த மாற்றத்தை யாரும் காருக்குச் சொல்லவில்லை. அதனால் பின்னால் இருந்த டயரின் கஷ்டத்தை முன் டயரின் கஷ்டமாகக் கார் காட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் நல்ல டயருக்குக் காற்று ஏற்றிவிட்டு, ஓட்டை டயரில் வண்டி ஓட்டியிருக்கிறார். அதுவும் தீவு விரைவுச்சாலையில், பிள்ளைகளைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு.

சிங்கப்பூரில் 2024இல் பதிவான புதிய கார்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று மின்சாரக் கார். நிறையப் பேருக்கு இது முதல் மின்சாரக் கார். சார்ஜ் போடுவது எப்படி, பேட்டரி எவ்வளவு நாள் வரும் என்று நிறையப் பேசுகிறோம். டயரைப் பற்றிய பேச்சு மட்டும் அரைகுறையாகவே நிற்கிறது. “ரொட்டேஷன் செய்தால் சென்சார் கெட்டுப்போகும்”, “விளக்கு எரியாவிட்டால் காற்று சரியாக இருக்கிறது” என்பதெல்லாம் நானே பலமுறை கேட்டவை. அண்ணனுக்குக் கார் நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டு சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

பெட்ரோல் காருக்குத் தானாக நடந்தது

பெட்ரோல் கார் வைத்திருந்தபோது வாரம் ஒருமுறையாவது பெட்ரோல் நிலையத்துக்குப் போவோம். காற்று அடிக்கும் கருவி அங்கேயே ஓரத்தில் நிற்கும். எண்ணெய் மாற்ற, சில மாதங்களுக்கு ஒருமுறை வொர்க்‌ஷாப்புக்குப் போவோம். காரைத் தூக்கியபோதே டயரையும் மாற்றிப் போட்டுவிடுவார்கள். நாம் கேட்கக்கூட வேண்டாம்.

மின்சாரக் காருக்கு இந்த இரண்டும் இல்லை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கார் நிறுத்துமிடத்திலேயே சார்ஜ் ஏறிவிடுகிறது. எஞ்சின் எண்ணெய் என்ற ஒன்றே கிடையாது. போதாததற்கு, புதிய காருக்கு முதல் 3 ஆண்டுகள் கட்டாயப் பரிசோதனையும் இல்லை. ஆக, காருக்குச் சொந்தக்காரர் தானாகக் குனிந்து பார்த்தால் ஒழிய, அந்த டயர்களை மாதக்கணக்கில் யாருமே பார்க்காமல் போகலாம். மின்சாரக் காரில் டயர் பிரச்சினை பெரிதாவதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

நான்கு டயரும் ஒரே அளவு உழைப்பதில்லை

கோயில் திருவிழாவில் சாமி தூக்குபவர்களைப் பார்த்திருப்பீர்கள். பாரம் எல்லாத் தோளிலும் சமமாக இறங்காது. திருப்பத்தில் வெளிப்பக்கம் நிற்பவருக்கு அலைச்சல் அதிகம், படி ஏறும்போது பின்னால் நிற்பவருக்குச் சுமை அதிகம். அதனால்தான் நடுநடுவே தோள் மாற்றிக்கொள்கிறார்கள். ஒரே ஆள் ஒரே இடத்தில் கடைசிவரை நின்றால் அவர் தோள் மட்டும் புண்ணாகிவிடும்.

டயரிலும் இதுதான் நடக்கிறது. மோட்டார் எந்தச் சக்கரங்களைச் சுற்றுகிறதோ அவை சாலையை உதைத்துத் தள்ளுகின்றன. முன் சக்கரங்கள் திரும்பும் வேலையையும் பார்க்கின்றன. நம் பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் ஐந்தாம் தளம்வரை சுற்றிச் சுற்றி ஏறும்போது முன் டயரின் ஓரம் கிறீச்சென்று தேய்வது காதிலேயே கேட்கும்.

மின்சாரக் காரில் இதோடு மூன்று விஷயங்கள் சேருகின்றன.

முதலில் எடை. பேட்டரி காரணமாக, அதே அளவுள்ள பெட்ரோல் காரைவிட மின்சாரக் கார் சில நூறு கிலோ கனமாக இருக்கும். சாலையில் அதிகம் தென்படும் பிஒய்டி அட்டோ 3 ஏறத்தாழ 1,750 கிலோ. அடுத்தது, மோட்டாரின் இழுவை. பெட்ரோல் எஞ்சின் வேகம் பிடிக்கச் சற்று நேரமாகும். மின்மோட்டார் கால் வைத்தவுடன் முழு பலத்தையும் சக்கரத்துக்குக் கொடுத்துவிடும். பச்சை விளக்கு விழுந்ததும் சட்டென்று பாய்வது இன்பமாகத்தான் இருக்கும். டயரின் ரப்பர் அதற்குக் கொஞ்சம் கொஞ்சமாக விலை கொடுக்கிறது.

மூன்றாவது ரீஜென். இதைப் பலர் கவனிப்பதில்லை. கால் எடுத்ததும் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, காரின் வேகத்தை மின்சாரமாக்கிப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புவதுதான் ரீஜென். அப்படிச் செய்யும்போது கார் வேகம் குறைகிறது. ஆனால் மோட்டார் இணைந்திருக்கும் சக்கரங்கள் வழியாக மட்டும்தான் அது காரைப் பிடித்து நிறுத்த முடியும். சாதாரண பிரேக் நான்கு சக்கரங்களிலும் பிடிக்கும், முன்னால் கூடுதலாகப் பிடிக்கும். ஒற்றை மோட்டார் மின்சாரக் காரில், தள்ளுகிற அதே இரண்டு டயர்கள்தான் பெரும்பாலான நேரம் பிடித்து நிறுத்தவும் செய்கின்றன. பின் சக்கரத்தில் மோட்டார் இருந்தால் பின் டயர்கள் சீக்கிரம் தேயும். முன் சக்கரத்தில் இருந்தால் தள்ளுவது, நிறுத்துவது, திரும்புவது என்று மூன்று வேலையும் முன் டயர்கள் தலையில் விழும்.

சுருக்கமாக: எடை, இழுவை, ரீஜென் மூன்றும் சேர்ந்து மின்சாரக் காரின் ஒரு ஜோடி டயரை மற்ற ஜோடியைவிட வேகமாகத் தேய்க்கின்றன. அந்தத் தேய்மானத்தை நான்குக்கும் பங்கு போட்டுக் கொடுக்கத் தோள் மாற்றுவதுதான் ரொட்டேஷன்.

எப்போது, எப்படி மாற்றுவது

ஒவ்வொரு காரின் கையேட்டிலும் அதற்கான தூரம் இருக்கும். டெஸ்லா கையேடு 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, அல்லது டயர்களுக்கிடையே பள்ளத்தின் ஆழம் 1.5 மில்லிமீட்டர் வேறுபட்டால் மாற்றச் சொல்கிறது. பொதுவாக மற்றக் கார்களுக்கும் இது நல்ல அளவுகோல். நாளைக்கு 200 கிலோமீட்டர் ஓட்டும் தனியார் வாடகைக் கார் ஓட்டுநருக்கு 10,000 கிலோமீட்டர் 50 நாளில் வந்துவிடும். வேலைக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓட்டுபவருக்கு ஆண்டுக்கு ஒருமுறை, இருமுறை வரும்.

டயரின் மேல் வெட்டியிருக்கும் பள்ளங்களின் ஆழத்தை ஆங்கிலத்தில் ‘டிரெட் டெப்த்’ என்பார்கள், நான் பள்ள ஆழம் என்றே சொல்கிறேன். புதிய டயரில் இது 7, 8 மில்லிமீட்டர் இருக்கும். 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சட்டப்படி ஓட்டக்கூடாது. பள்ளங்களுக்குள் குறுக்கே சின்னச் சின்ன மேடுகள் இருக்கும். டயரின் மேற்பரப்பு அந்த மேடுகளோடு சமமாகிவிட்டால் 1.6க்கு வந்துவிட்டது என்று பொருள். அதுவரை காத்திருக்காதீர்கள். டிசம்பர் மழையில் தண்ணீரை வெளியே தள்ளுவது அந்தப் பள்ளங்கள்தான். ஆழம் குறைந்தால் டயர் தண்ணீர்மேல் மிதந்து வழுக்க ஆரம்பிக்கும்.

மாற்றும் முறைக்கு ஒரு சின்ன நினைவுக் குறிப்பு போதும்: மோட்டார் சுற்றும் சக்கரங்கள் நேராகப் போகும், மற்றவை குறுக்கே போகும். முன் சக்கர மோட்டார் என்றால், முன் டயர்கள் அதே பக்கம் பின்னால் போகும். பின் டயர்கள் இடம் வலம் மாறி முன்னால் வரும். பின் சக்கர மோட்டார் என்றால் அப்படியே தலைகீழ்.

இதற்கு விலக்கு இரண்டு. டயரின் பக்கச் சுவரில் சுற்றும் திசையைக் காட்டும் அம்புக்குறி இருந்தால் அது ஒரு திசை டயர். அதே பக்கத்தில் முன்னும் பின்னும் மட்டும் மாற்றலாம், இடம் வலம் மாற்றக் கூடாது. சில கார்களில் பின் டயர் முன் டயரைவிட அகலமாக இருக்கும். அவற்றை முன் பின் மாற்றவே முடியாது. பக்கச் சுவரில் உள்ள அளவை முன்னாலும் பின்னாலும் படித்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

வொர்க்‌ஷாப்பில் ரொட்டேஷன், பேலன்சிங், அலைன்மென்ட் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்வதால் குழப்பம் வருகிறது. ரொட்டேஷன் என்பது இடம் மாற்றுவது. பேலன்சிங் என்பது சக்கரத்தின் ஒரு பக்கம் மட்டும் கனமாக இல்லாமல் சின்ன எடைத் துண்டு ஒட்டிச் சரிசெய்வது. வேகமாகப் போகும்போது ஸ்டியரிங் நடுங்கினால் இதைப் பார்க்க வேண்டும். அலைன்மென்ட் என்பது சக்கரங்கள் நிற்கும் கோணத்தைச் சரிசெய்வது. டயரின் உள் ஓரம் மட்டும் மொட்டையாகிறது என்றால் கோணம் சரியில்லை. அந்த நிலையில் ரொட்டேஷன் மட்டும் செய்தால் அடுத்த டயரையும் அதே கோணத்தில் கொண்டுபோய்த் தேய்க்கக் கொடுத்த மாதிரி ஆகும்.

டயருக்குள் உட்கார்ந்திருக்கும் சென்சார்

காற்றழுத்தத்தைக் கார் தானே கண்காணிக்கும் ஏற்பாட்டுக்கு டிபிஎம்எஸ் என்று பெயர். அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தொடர்ந்து 2007 செப்டம்பர் முதல் தயாரான சிறிய வாகனங்கள் அனைத்திலும் இது கட்டாயமானது. ஐரோப்பாவில் 2014 நவம்பர் முதல் எல்லாப் புதிய கார்களிலும் வந்துவிட்டது. அதனால்தான் இன்று வாங்கும் மின்சாரக் கார்களில் இது ஏற்கனவே இருக்கிறது.

இதில் இரண்டு வகை உண்டு. பிள்ளைக்குக் காய்ச்சலா என்று தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கலாம், நெற்றியில் கை வைத்தும் பார்க்கலாம். நேரடி வகை, தெர்மாமீட்டர் மாதிரி. மறைமுக வகை, நெற்றியில் வைத்த கை மாதிரி.

நேரடி வகையில் ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும், காற்று அடிக்கும் வால்வின் உள்முனையில், தீப்பெட்டியைவிடச் சிறிய ஒரு சென்சார் இருக்கும். அது உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தத்தை அளந்து, வானொலி அலையில் காருக்குச் சொல்லும். டெஸ்லாவின் புதிய கார்களில் புளூடூத் வழியாகச் சொல்லும். கார் நிற்கும்போது இந்தச் சென்சார் தூங்கும், சக்கரம் உருளத் தொடங்கியதும் விழித்துக்கொள்ளும். காலையில் காரை இயக்கியவுடன் திரையில் எண்ணுக்குப் பதில் கோடு மட்டும் தெரிந்தால் பயப்பட வேண்டாம். புளோக்கைச் சுற்றி ஒருமுறை வந்தால் எண் வந்துவிடும்.

அந்தச் சென்சாரின் பேட்டரி உள்ளேயே மூடி அடைத்தது, தனியாக மாற்ற முடியாது. 5 முதல் 10 ஆண்டுகள் வரும். கார் வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழான சிஓஇ 10 ஆண்டு என்பதால், காரை முழுக் காலமும் வைத்திருப்பவர்கள் ஒருமுறையாவது சென்சார் மாற்ற வேண்டிவரலாம். டயர் புதிதாகப் போடும் நாளிலேயே அதைச் செய்துகொண்டால் கூலி மிச்சம்.

மறைமுக வகையில் டயருக்குள் ஒன்றுமே இருக்காது. அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து நடந்தால், அதே தூரத்துக்குப் பிள்ளை அதிக அடி வைக்கும். காற்று குறைந்த டயர் கொஞ்சம் சப்பையாகி, அதன் சுற்றளவு சுருங்கியது போலாகும். ஆக, அதே தூரத்துக்கு அது கூடுதலாகச் சுற்றும். பிரேக் அமைப்புக்காக ஒவ்வொரு சக்கரத்திலும் ஏற்கனவே உள்ள வேகமானிகள் அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்துவிடும். இந்த வகைக் காரில் திரையில் பிஎஸ்ஐ எண் வராது, எச்சரிக்கை மட்டும்தான் வரும். நான்கு டயரிலும் ஒரே சமயம் மெதுவாகக் காற்று இறங்கினால் இந்த முறைக்கு அதைக் கண்டுபிடிப்பது கடினம். நான்கு பேரும் சின்ன அடி வைத்தால் யார் பிள்ளை என்று எப்படிச் சொல்வது?

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லவேண்டும். ரொட்டேஷனில் டயரை உலோக வளையத்திலிருந்து கழற்றுவதே இல்லை. சக்கரம் முழுவதுமாக, உள்ளே சென்சாரோடு சேர்த்து இடம் மாறுகிறது. சென்சாரை யாரும் தொடுவதில்லை. உடையும் அபாயம் புதிய டயர் போடும்போதுதான், கருவி வால்வுப் பக்கம் இடித்தால் வரும். அன்றைக்கு “உள்ளே சென்சார் இருக்கிறது” என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

அடையாள எண் அதே, முகவரி வேறு

இப்போது மூன்றாம் மாடி அண்ணனின் கதைக்கு வருவோம்.

ஒவ்வொரு சென்சாருக்கும் ஓர் அடையாள எண் உண்டு. நம் அடையாள அட்டை எண் மாதிரி, பிறந்ததிலிருந்து மாறாது. சென்சார் காருக்கு அனுப்புவது இவ்வளவுதான்: “நான் இன்னார், என் அழுத்தம் இவ்வளவு.” தான் எந்த மூலையில் இருக்கிறேன் என்று அது சொல்வதில்லை. காரிடம் ஒரு முகவரிப் புத்தகம் இருக்கிறது. இந்த எண்காரர் முன் இடது, அந்த எண்காரர் பின் வலது என்று அதில் எழுதியிருக்கும். செய்தி வந்ததும் புத்தகத்தைப் பார்த்துத் திரையில் அந்த மூலையில் எண்ணைக் காட்டும்.

வீடு மாறினால் 28 நாளுக்குள் புதிய முகவரியைப் பதிய வேண்டும் என்பது இங்கே சட்டம். பதியாமல் விட்டால் என்ன ஆகும்? கடிதம் எல்லாம் பழைய வீட்டுக்குப் போகும். கடிதம் பொய் இல்லை, தபால்காரரும் சரியாகத்தான் போட்டார், படிக்க வேண்டியவர் கைக்கு மட்டும் போய்ச் சேரவில்லை. அண்ணனின் காரில் நடந்தது அதேதான். 33 என்ற எண் உண்மை. மூலைதான் தவறு.

அந்த முகவரிப் புத்தகத்தைத் திருத்துவதை வொர்க்‌ஷாப்பில் ‘ரீலேர்ன்’ என்பார்கள். கார் புதிதாகக் கற்றுக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இது காருக்குக் கார் மாறும். சில கார்கள் சிறிது தூரம் ஓட்டினாலே, எந்தச் சென்சார் எந்தச் சக்கரத்தின் சுற்றலோடு ஒத்துப்போகிறது என்று கணித்துத் தாங்களே திருத்திக்கொள்ளும். சிலவற்றில் திரையில் உள்ள மெனுவுக்குள் போய், டயர் மாற்றிப் போட்டதைத் தெரிவிக்க வேண்டும். இன்னும் சிலவற்றில் வொர்க்‌ஷாப்காரர் கைக்கருவி ஒன்றை ஒவ்வொரு வால்வின் அருகிலும் வரிசையாகப் பிடித்துச் சென்சாரை எழுப்பிப் பதிய வேண்டும். உங்கள் கார் எந்த வகை என்பது கையேட்டில் இருக்கும். கையேட்டின் அந்த ஒரு பக்கத்தைப் படம் எடுத்துக் கைபேசியில் வைத்துக்கொண்டு வொர்க்‌ஷாப்புக்குப் போவது என் வழக்கம்.

மறைமுக வகையில் முகவரிப் புத்தகம் கிடையாது. ஆனால் ஒவ்வொரு மூலையிலும் சக்கரம் வழக்கமாக எப்படிச் சுற்றும் என்று கார் பழகி வைத்திருக்கும். தேய்ந்த டயரும் தேயாத டயரும் இடம் மாறினால் அந்தக் கணக்கு கலைந்துவிடும். அதனால் காற்றைச் சரியாக நிரப்பிவிட்டு, மெனுவில் ரீசெட் செய்யவேண்டும். முதலில் காற்று, அப்புறம் ரீசெட். வரிசையை மாற்றினால், குறைந்த காற்றையே சரியான அளவு என்று கார் நினைத்துக்கொள்ளும்.

இதுவரை: சக்கரம் சென்சாரோடு சேர்ந்து நகர்கிறது, காரின் முகவரிப் புத்தகம் எல்லாக் காரிலும் தானாக நகர்வதில்லை. ரொட்டேஷன் என்றால் சக்கரத்தை மாற்றுவது பாதி வேலை, காருக்குத் தெரிவிப்பது மீதி வேலை.

விளக்கு எரியாததால் காற்று சரியா?

இல்லை. கொஞ்சம் காற்று இறங்கியதும் மஞ்சள் விளக்கு எரிந்துவிடாது. அமெரிக்க விதிப்படி, பரிந்துரைத்த அளவிலிருந்து 25 சதவீதம் குறையும்போது எரிந்தால் போதும். 42 பிஎஸ்ஐ இருக்கவேண்டிய டயரில் 31.5. சில கார்கள் 20 சதவீதத்தில், அதாவது 33, 34 பக்கம் வந்ததும் எரியவைக்கும். அப்படியானால் 42 இருக்க வேண்டிய இடத்தில் 36 இருந்தாலும் விளக்கு எரியாமல் இருக்கலாம். அந்த 36இல் டயரின் இரு ஓரமும் சாலையில் அமுங்கித் தேயும், டயர் அதிகம் சூடாகும், ஒரு சார்ஜில் ஓடும் தூரமும் குறையும்.

விளக்கு எரியும் விதத்திலும் செய்தி உண்டு. நிலையாக எரிந்தால் காற்று குறைவு. காரை இயக்கியதும் ஒரு நிமிடத்துக்கு மேல் கண் சிமிட்டிவிட்டு அப்புறம் நிலையாக எரிந்தால், சென்சாரிலோ அமைப்பிலோ கோளாறு. அண்ணனின் காரில் விளக்கு சிமிட்டவே இல்லை, நேராக எரிந்தது. சென்சார் கெடவில்லை என்று அந்த விளக்கே சொல்லிவிட்டது.

காலைக் காற்று, மத்தியானக் காற்று

சரியான அளவு எவ்வளவு என்பதை ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் பார்க்கலாம். டயரின் பக்கச் சுவரில் இருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, அதை நிரப்பக் கூடாது. தாளில் முன்னுக்கு ஓர் அளவு, பின்னுக்கு ஓர் அளவு என்று இருக்கலாம். அப்படி இருந்தால் ரொட்டேஷன் முடிந்ததும் புதிய இடத்துக்கேற்பக் காற்றை மாற்றவேண்டும். இதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். அலகு குழப்பினால் ஒன்றை நினைவில் வையுங்கள்: 1 பார், 100 கிலோபாஸ்கல், 14.5 பிஎஸ்ஐ மூன்றும் ஒரே அளவு.

தாளில் உள்ளது குளிர்ந்த டயருக்கான அளவு. கார் குறைந்தது 3 மணி நேரம் நின்றிருக்க வேண்டும். காற்று சூடானால் விரியப் பார்க்கும், டயருக்குள் விரிய இடமில்லாததால் அழுத்தம் ஏறும். 42 பிஎஸ்ஐ உள்ள டயரில், உள்ளே 10 டிகிரி சூடு ஏறினால் ஏறத்தாழ 2 பிஎஸ்ஐ கூடும். விடியற்காலையில் 25 டிகிரியில் இருந்த காற்று, மத்தியான வெயிலில் விரைவுச்சாலையில் ஓடி 50 டிகிரி ஆனால் 46, 47 காட்டும். இது இயல்பு. அப்போது “அதிகமாக இருக்கிறதே” என்று காற்றை இறக்கினால், மறுநாள் காலையில் டயர் பட்டினி கிடக்கும்.

காற்று அடிக்கப் பெட்ரோல் நிலையத்துக்கு ஓட்டிப் போவதற்குள் டயர் சூடாகிவிடுமே என்று கேட்பீர்கள். அதற்கு எளிய வழி உண்டு. காலையில் வீட்டுக்குக் கீழே கேஜ் வைத்துப் பாருங்கள். 38 இருக்கிறது, 42 வேண்டும் என்றால் குறை 4. நிலையத்தில் அந்த டயர் 40 காட்டினால் 44 வையுங்கள். என்ன காட்டுகிறதோ அதோடு 4 சேர்த்தால் கணக்கு முடிந்தது. இன்னும் சுலபம், கையடக்கக் காற்றுப் பம்பு ஒன்று வாங்கிக் காரில் வைத்துக்கொள்வது. பெரும்பாலான மின்சாரக் கார்களில் மாற்றுச் சக்கரம் கிடையாது, ஆக ஜொகூர் தாண்டிப் போகும் குடும்பத்துக்கு அந்தப் பம்பு கண்டிப்பாகக் கைகொடுக்கும்.

வொர்க்‌ஷாப்பில் கேட்க வேண்டியவை

காக்கி புக்கிட்டிலும் சின் மிங்கிலும் ஊபியிலும் டயர் வேலை செய்பவர்களில் மின்சாரக் காரை நன்கு அறிந்தவர்கள் இப்போது நிறைய இருக்கிறார்கள். இருந்தாலும் காரைத் தூக்குவதற்கு முன்பே பேசிவிடுவது நல்லது.

மின்சாரக் காரின் அடிப்பாகம் முழுவதும் பேட்டரி. ஜாக்கியை அதற்கென்று குறித்த இடத்தில்தான் வைக்கவேண்டும், கொஞ்சம் தள்ளி வைத்தாலும் பேட்டரிப் பெட்டியை நெரிக்கலாம். சில கார்களுக்கு அந்தக் குழியில் பொருந்தும் ரப்பர்க் கட்டை தேவை. அது அவர்களிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். நட்டுகளைக் கடைசியாக டார்க் ரெஞ்சால் முறுக்கச் சொல்லுங்கள். எவ்வளவு பலத்தில் முறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஸ்பேனர் அது. டெஸ்லா மாடல் 3க்கு 175 நியூட்டன் மீட்டர். கனமான காருக்கு இந்த அளவு முக்கியம், வெறும் காற்றுத் துப்பாக்கியால் டர்ரென்று முறுக்கிவிட்டால் போதாது. கடைசியாக, “சென்சாருக்கு ரீலேர்ன் யார் செய்வது, நீங்களா நானா?” என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் தெளிவாக வந்தால் நல்ல இடத்துக்கு வந்திருக்கிறீர்கள்.

வால்வு மூடி பிளாஸ்டிக்காக இருக்கட்டும். அழகுக்காக உலோக மூடி போட்டால், நம் ஈரக் காற்றில் வால்வோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். திருகினால் வால்வே உடையும், வால்வோடு சென்சாரும் போகும்.

ஐந்து நிமிடச் சோதனை

முகவரிப் புத்தகம் திருந்திவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நாங்கள் செய்ததைச் சொல்கிறேன்.

திருகாணியைப் பிடுங்கி ஓட்டையை அடைத்த பிறகு, காரின் மெனுவில் ரொட்டேஷனைப் பதிந்தோம். மறுநாள் காலை நான்கு டயரையும் கேஜ் வைத்து 42 ஆக்கினோம். அப்புறம் பின் இடது டயரின் வால்வை நகத்தால் அழுத்தி, உஸ்ஸென்று 3 பிஎஸ்ஐ மட்டும் இறக்கினோம். அண்ணன் காரை எடுத்துக்கொண்டு, தளம் தளமாக இறங்கி, வெளியே போய் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். நான் ஐந்தாம் தளத்தில் பம்புடன் நின்றேன்.

கண்ணாடியை இறக்கினார். “பின் இடது 39. மத்ததெல்லாம் 42.”

பம்பின் குழாயைப் பின் இடது வால்வில் மாட்டினேன்.